புல்மலையில் நடந்த யம யாகம்

ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டு, அதை நம்பி ஓர் ஆளுக்குக் கருமாதியே செய்து முடித்த குடும்பம் உங்களில் யாருக்காவது தெரியுமா? எங்கள் குடும்பம்தான் அது. வார்த்தையைத் தப்பாகக் கேட்டவள் நான்.

போன வாரம் நம் பழைய தேயிலைத் தோட்டத்து லைன்வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். மரமே இல்லாத ஒரு புல்மலை அடியிலிருந்து உச்சிவரை எரிகிறது. நம் மலையில் கம்போங் ராஜா பக்கம் காட்டுத்தீ, அந்த ரோட்டில் யாரும் போகாதீர்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார் நம்மில் ஒருவர். உடனே பத்துப் பதினைந்து பேர் கும்பிடு போட்டீர்கள். ரிங்லெட்டில் இருப்பவர் லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடும் மகனைக் கூப்பிட்டுப் பத்திரமா என்று கேட்டாராம். அவன் நிம்மதியாக முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தானாம்.

அது காட்டுத்தீ இல்லை, கம்போங் ராஜாவும் இல்லை. ஜப்பானில் ஓர் ஊர். குளிர்காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, தீயணைப்பு வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களே புல்மலைக்கு நெருப்பு வைப்பார்கள். அது அவர்களுக்குத் திருவிழா. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நம் தோட்டத்திலேயே அதை ஒரு தடவை நடத்தினார்கள், நீங்களும் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு அங்கேதான் நின்றீர்கள். எங்கள் வீட்டுக்குள் நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது. போனில் தட்டினால் விரல் வலிக்கிறது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

என் அத்தையை நினைவிருக்கும். அப்பாவுக்கு அக்கா. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, கொழுந்து வெட்டும் கத்தரியை ஒரே தாளத்தில் ஓட்டிக்கொண்டு போவாளே, அவள்தான். ஜப்பான்காரன் காலத்தில், கல்யாணமாகி எட்டே மாதத்தில், மலையடிவாரத்தில் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மாமாவைச் சயாமில் ரயில்பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்தபின் போனவர்களில் கொஞ்சம் பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாமா வரவில்லை. அவர் செத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லவும் ஒருவர் வரவில்லை. அத்தை ஒரு தகரப் பெட்டியோடு மலையேறித் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை.

இதனால் அத்தையை விட லைனுக்குத்தான் தலைவலி அதிகம். கல்யாணம், சடங்கு என்றால் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அத்தை முன்னால் வந்ததும் தட்டைப் பிடித்த கை தயங்கும். கொடுக்கலாமா, கூடாதா? பாவம் அவர்களும் என்ன செய்வார்கள். அந்தச் சங்கடம் வேண்டாம் என்று அத்தையே தட்டு வரும் நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்பா பேச்சை எடுப்பார். ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டால் அவளுக்கும் நிம்மதி, போன ஆன்மாவுக்கும் நிம்மதி என்பார். அத்தை கோபப்பட மாட்டாள். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான்.

“கூட்டிட்டுப் போனவன் வந்து சொல்லட்டும் தம்பி. அப்புறம் செய்யலாம்.”

கூட்டிக்கொண்டு போனவன் ஜப்பான்காரன். அவனை எங்கே போய்த் தேடுவது? பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். சுவரில் ஆணியடித்து மாமாவின் மங்கு தொங்கும். மங்கு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, நீலக் கரை போட்ட எனாமல் தட்டு. அதில் எங்களை ஒருநாளும் சாப்பிட விட்டதில்லை. சனிக்கிழமை கீழேயிருந்து லோரி ஏறி வந்தால், அத்தை கத்தரியை நிறுத்தி, இறங்குகிற முகங்களை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி குனிவாள். முப்பது வருஷமாக இது நடந்தது.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த அந்தத் தை மாதம், பேக்டரியில் புது மெஷின் பூட்ட ஒரு ஜப்பான்காரர் வந்தார். வந்தது ஒரே ஓர் ஆள், அதுவும் ஒல்லி ஆள், கண்ணாடி போட்டவர். அதற்கே லைனில் பாதிக் கதவு சாத்திக்கொண்டது. பழைய ஆட்கள் சிலர் அவர் போகும் வழியில் போகாமல் வடிகாலைத் தாண்டிச் சுற்றிப் போனார்கள். அவரோ எதிரே யார் வந்தாலும், நாயாக இருந்தாலும்கூட, இடுப்பு வளைத்துக் கும்பிட்டார். சண்டை நடந்தபோது அவர் நம்மைப்போலப் பள்ளிக்கூடப் பிள்ளை. இதை அன்றைக்கு நாம் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஜப்பான்காரன் என்றால் ஜப்பான்காரன், அவ்வளவுதான்.

அப்பா அவருக்குக் கைவேலைக்கு நின்றார். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். வாடிய கொழுந்தின் வாசனையில் எனக்குப் பசியெடுக்கும். அப்பா சாப்பிடும்வரை அந்த மனிதர் எனக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டுவார். அவர் ஊரில் மான்கள் ரோட்டில் நடக்குமாம், கடைக்குள் தலையை நீட்டுமாம். நான் நம்பவில்லை. அப்புறம் ஒரு மலை வரைந்தார், மரமில்லாமல், வெறும் புல்லாக. அதன்மேல் சாக்கட்டியைப் படுக்கப் போட்டுத் தேய்த்து நெருப்பு வரைந்தார். கோயிலுக்கு எதிரே லாலாங் புல் மண்டிக் கிடந்த நம் மலையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, ஒரு வார்த்தை சொன்னார். யமயாகி.

அந்த மலையில் புல்லை எரித்துவிட்டுப் புதிதாகத் தேயிலைக் கன்று நடத் துரை முடிவு செய்திருந்தார். எப்படியும் எரிக்கப் போகிறீர்கள், என் ஊர் வழக்கப்படி நானே நெருப்பு வைக்கிறேனே என்று இவர் கேட்டிருக்கிறார். துரையும் சரி என்றிருக்கிறார். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எனக்கு விளங்கியது அந்த ஒரு வார்த்தை மட்டும். வீட்டுக்கு ஓடிவந்து, ஜப்பான்காரர் நம் மலையில் யமயாகி பண்ணப் போகிறார் என்று சொன்னேன்.

அப்போது எங்கள் வாசலில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நின்றிருந்தார். தோட்டத்திலேயே அதிகம் படித்தவர் அவர், அதை நமக்கு ஒருநாளும் மறக்கவிடாதவர். அவர் சிரித்துவிட்டு, “யாகி இல்ல பாப்பா, யாகம். யம யாகம். நம்ம வார்த்தைதான், புத்தரோட அங்க போயிருக்கு. செத்தவங்களுக்காக எமனுக்குப் பண்றது” என்றார்.

அடுப்பருகே இருந்த அத்தை எழுந்து வெளியே வந்தாள். யாருக்காகப் பண்ணுகிறாராம் என்று கேட்டாள். கிராணிக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. வேறு யாருக்கு, சயாமில் போனவர்களுக்காகத்தான் இருக்கும், பாவம் தீர்க்க வந்திருக்கிறான் என்றார்.

மறுநாள் லைன் முழுக்க இதுதான் பேச்சு. எமனை மறுபடியும் இங்கே கூப்பிடப் பார்க்கிறான் என்றார்கள் பாதிப் பேர். செய்த பாவத்துக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்றார்கள் மீதிப் பேர். அத்தை இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

“அவங்களே யாகம் பண்றாங்கன்னா அவங்களுக்குத் தெரியும்னுதானே தம்பி அர்த்தம். நான் போயி கேக்குறேன். ஆமான்னு சொல்லிட்டான்னா அப்பறம் நீ சொல்ற காரியத்த செய்யி.”

அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முப்பது வருஷம் தள்ளியும் நகராத கல் தானாக நகர்ந்துவிட்டது அவருக்கு.

யாகத்தில் மாமா பெயரைச் சொல்ல வேண்டுமே என்று அத்தை என்னை ஒரு தாளில் எழுதச் சொன்னாள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, புருஷன் பெயரை வாயால் சொல்லவும் மாட்டாள். “பழநி மலையில கோவணத்தோட நிக்கிறாரு பாரு, அந்தச் சாமி பேருதான்டி” என்றாள். அந்தச் சாமிக்கு எத்தனை பெயர்! எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதி மடித்துக் கொடுத்தேன். மாமாவின் பெயர் அதுவல்ல என்று பல வருஷம் கழித்துத் தாப்பா தோட்டத்துப் பழைய காகிதம் ஒன்றில்தான் பார்த்தேன். அந்த விஷயத்தில் எனக்கு எல்லாமே தப்பாகத்தான் போயிருக்கிறது.

மலை எரிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஜப்பான்காரர் ஒரு போஸ்ட்கார்டு காட்டினார். இருட்டில் ஒரு மலை எரிகிறது, மேலே வாணவேடிக்கை, கீழே கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தகப்பன்மார் நிற்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். செத்தவர்களுக்குப் பண்ணுகிற யாகத்தில் யார் சிரிப்பார்கள்? நான் முழிப்பதைப் பார்த்து அவர் சட்டைப்பையிலிருந்து குட்டி அகராதியை எடுத்தார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து ‘யமா’ என்றார். எதிரே இங்கிலீஷில் மவுண்டன் என்று இருந்தது. இன்னொரு பக்கத்தைத் திருப்பி ‘யாகி’ என்றார். பர்ன். ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷுக்கு அது போதும். மலை எரிப்பு. எமனும் இல்லை, யாகமும் இல்லை.

மெஷினுக்கு அடியில் படுத்திருந்த அப்பாவை வெளியே இழுத்துச் சொன்னேன். அவர் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

“வேற யாருகிட்ட சொன்ன?”

யாரிடமும் இல்லை என்றேன்.

“சொல்லாத. மலையோ எமனோ, நெருப்பு ஒண்ணுதான். இத விட்டா உங்க அத்தைக்கு வேற வழி கெடைக்காது லா.”

நான் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பயந்து மட்டும் இல்லை. யாகச் செய்தியைக் கொண்டுவந்த பிள்ளை என்று லைனில் எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. அதையும் விட மனசில்லை. இதை இத்தனை வயதுக்குப் பிறகாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மலையைச் சுற்றி இரண்டு ஆள் நீளத்துக்குப் புல்லை வெட்டி மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார்கள். ஆண்கள் நனைத்த சாக்கோடு வரிசையாக நின்றார்கள். தண்ணீர் லோரி தயாராக நின்றது. ஜப்பான்காரர் சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கீழே நான்கு இடத்தில் தீப்பந்தத்தை வைத்தார். லாலாங் புல் சடசடவென்று வெடித்து எரிந்தது. எலிகள் கூட்டமாக இறங்கி ஓடின. நாம் சறுக்கி விளையாடிய பெட்டிப் பலகைகளை மேலேயே விட்டிருந்தோம், அதுவும் எரிந்தது, அதற்காக உங்களில் இரண்டு பேர் அழுதீர்கள். குளிரில் விறைத்த முகத்தில் அந்தச் சூடு அடித்தது எவ்வளவு சுகமாக இருந்தது! சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நெருப்பு பாதி மலை ஏறியபோது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். பின்னால் அப்பாவும் கிராணியும் போனார்கள். நானும் போனேன். அத்தை தாளை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார், விரித்துப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. அத்தை சொன்னதைக் கிராணி இங்கிலீஷில் கேட்டார். இவள் புருஷனை உங்கள் ஆட்கள் சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனார்கள், அவர் செத்துவிட்டாரா என்று கேட்கிறாள்.

அவர் தாளை மறுபடி பார்த்தார். பிறகு உடைந்த இங்கிலீஷில், எனக்குத் தெரியாது, அப்போது நான் சின்னப்பிள்ளை, என்னால் சொல்ல முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றார். எனக்கு முழுக்க விளங்கியது. கிராணி அப்பா முகத்தைப் பார்த்தார். அப்பா லேசாகத் தலையை ஆட்டினார்.

“மன்னிச்சிடுங்கன்னு சொல்றாரும்மா” என்றார் கிராணி.

சொன்னது பொய்யில்லை. முன்பாதியை விழுங்கிவிட்டார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டால் ஆள் செத்ததாகத்தானே அர்த்தம்? அத்தை நெருப்பைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் நெற்றியை ஒரே இழுப்பில் துடைத்தாள். அழவில்லை. சுற்றி நின்ற பெண்கள்தான் ஓவென்று குரலெடுத்தார்கள். ஜப்பான்காரர் இடுப்பை வளைத்தவர், அத்தை திரும்பிப் போய் வெகுநேரம் ஆகும்வரை நிமிரவில்லை. தாளை அவர் நெருப்பில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தப்பான பெயரோடு அது ஜப்பான் வரை போயிருக்கும்.

பதினாறாம் நாள் கருமாதி. தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். மாமாவின் மங்குத் தட்டையும் பெட்டியில் இருந்த சட்டையையும் யாருக்கோ எடுத்துக் கொடுத்தார்கள். அப்பா பந்தல் போட்டு லைனுக்கே சாப்பாடு போட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அக்காவைக் கரையேற்றிவிட்டோம் என்று மனசார நம்பினார். அதற்குப் பிறகு அத்தை சடங்கு வீடுகளுக்குப் போவதை விட்டாள். சனிக்கிழமை லோரி வந்தால் தலையை நிமிர்த்தவில்லை, கத்தரி நிற்காமல் ஓடியது. பார்த்தீர்களா, மனசு அடங்கிவிட்டது என்பார் அப்பா. நானும் அதை நிம்மதி என்றுதான் நம்பினேன். எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத ஆளும் நிம்மதியான ஆளும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருப்பார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த ஜப்பான் மலையைப் பற்றிப் பிற்பாடு ஓர் இடத்தில் படித்தேன். உச்சியில் பழங்காலத்துக் கல்லறை ஒன்று இருக்கிறதாம். புல்லை எரிக்காவிட்டால் அதிலிருந்து ஆவி வரும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். கிராணி உயிரோடு இருந்திருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருப்பார்.

அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து அத்தை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். எண்பதைத் தாண்டியிருந்தாள். நான் அப்போது டீச்சர், பள்ளி விடுமுறை, கூட இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அன்னிக்கி மலை எரிச்சப்ப அந்த ஆளு இங்கிலீசுல நீளமாத்தான் சொன்னான். கிராணி இத்துனூண்டு சொன்னாரு. மிச்சம் என்னாடி?”

முப்பது வருஷத்துக்கு மேல் அவளும் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். யமா என்றால் மலை, யாகி என்றால் எரிப்பு. அவர் சொன்னது தெரியாது என்று. அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான்கு அடி கொடுத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

“உங்கப்பன் நல்லதுக்குத்தான் செஞ்சான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அப்படின்னா இன்னும் யாரும் சொல்லல” என்றாள்.

பிறகு என் கைப்பையில் பொட்டு இருக்கிறதா என்று கேட்டாள். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. எல்லாம் கடுகளவு. எடுத்துக் காட்டினேன். இதுக்குப் பேரு பொட்டாடி என்று முணுமுணுத்துவிட்டு நெற்றியைக் காட்டினாள். இரண்டு தடவை கோணலாகப் போயிற்று, மூன்றாவது தடவை சரியாக ஒட்டினேன்.

மறுநாள் காலை ஒரு மலாய்த் தாதி ஃபைலோடு வந்து விவரங்களைச் சரிபார்த்தாள். சின்னப் பெண். பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டுவிட்டு, அதில் எழுதியிருந்த ‘பாலு’ என்ற சொல்லைப் படித்தாள். மலாயில் விதவை. சேர்த்த அன்று என்னிடம் கேட்டு எழுதியது அது.

அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். “பாலு இல்ல” என்றாள் தமிழில். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு விளங்க வேண்டுமே என்று மலாயில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “லாக்கி பெலும் பாலெக்.” வீட்டுக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை என்று.

தாதி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். அவள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே கல்யாணமானவர் என்று எழுதினாள்.